வீட்டுக்குப் பக்கத்தில் பாறை வெடி: அதிர்வை எப்படி அளக்கிறார்கள், அந்தப் பதிவுச் சீட்டை எப்படிப் படிப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு அடியில் கிடக்கும் பாறைகளில் ஒன்று ட்வைக்கா டில்லைட். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் பனிப்பாறைக்கு அடியில் கிடந்தபோது அரைபட்டுக் குவிந்த சேறும் கல்லும் இறுகி உண்டானது. நீலம் கலந்த கரும்சாம்பல் நிறம், உடைக்கக் கடினம், கான்கிரீட்டுக்கும் சாலைக்கும் நல்ல சல்லி. அதனால் நகரத்தை ஒட்டியே குவாரிகள் இருக்கின்றன. யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம், இந்திய வம்சாவளியினரான நம் ஆட்களை நகரத்தின் ஓரங்களுக்குத் தள்ளியது. சாட்ஸ்வொர்த் போன்ற குடியிருப்புகள் 1960-களில் எழுந்தன. குவாரிகளும் ஓரங்களில்தான் இருந்தன. பிறகு இரண்டு பக்கமும் வளர்ந்து, இன்று சில தெருக்களில் பின்பக்க மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாலே பாறை முகம் படிப்படியாக வெட்டப்பட்டிருப்பது தெரியும்.

நான் பார்க்கும் வேலை, வெடி வைக்கிற நாளில் அதிர்வுமானியை வீட்டுத் தோட்டத்தில் வைத்து, பிறகு அதன் பதிவைப் படித்துச் சொல்வது. போகிற வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சுதான் நடக்கும்.

"தம்பி, வெடிச்சதும் அலமாரிப் பாத்திரம் எல்லாம் ஆடிச்சு. இந்த விரிசல பாரு."

"பார்க்கிறேன், ஆயா. விரிசல் முந்தியே இருந்ததா?"

"இருந்திருக்கும். இவ்வளவு பெரிசா இல்ல."

இந்த மூன்று வரியில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. வீடு ஆடியதா என்பது ஒன்று. அந்த ஆட்டம் சுவரைக் கெடுத்ததா என்பது இன்னொன்று. முதலாவதற்குக் கருவி நேரடியாகப் பதில் சொல்லும். இரண்டாவதற்கு அது சாட்சி மட்டும்தான், தீர்ப்பு சொல்லாது. குவாரிக்காரர்கள் கருவியின் எண்ணையே தீர்ப்பாக நீட்டுவதும், வீட்டுக்காரர்கள் ஆட்டத்தையே சேதத்துக்கு அத்தாட்சியாகக் காட்டுவதும்தான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

அளப்பது எதை?

வெடித்ததும் பாறை வழியே அலை ஓடுகிறது. கடினமான பாறையில் விநாடிக்குச் சில கிலோமீட்டர் வேகம். அந்த ஓட்ட வேகத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. அலை உங்கள் வீட்டைத் தாண்டும்போது வீட்டுக்கடியில் உள்ள மண் எவ்வளவு வேகமாக முன்னும் பின்னும் அசைகிறது என்பதே கேள்வி. கடலில் தூண்டில் போட்டு நிற்பவருக்கு இது எளிதில் புரியும்: அலை கரைக்கு ஓடிவரும், மிதவை இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். நாம் அளப்பது மிதவை ஏறி இறங்கும் வேகத்தை. அதில் எட்டிய உச்சத்துக்கு உச்சத் துகள் வேகம் என்று பெயர். துறையில் எல்லோரும் பிபிவி என்பார்கள். அலகு, விநாடிக்கு இத்தனை மில்லிமீட்டர்.

வேகம் என்றதும் மண் அத்தனை மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. விநாடிக்கு 5 மி.மீ. வேகத்தில், விநாடிக்கு 10 முறை ஆடும் மண் தன் இடத்திலிருந்து விலகுவது 0.08 மி.மீ. மட்டுமே. அதே வேகத்தில் விநாடிக்கு 40 முறை ஆடினால் விலகல் 0.02 மி.மீ. ஆகிவிடும். விநாடிக்கு எத்தனை முறை என்பதுதான் அதிர்வெண், ஹெர்ட்ஸில் சொல்வார்கள். பிபிவி எவ்வளவு முக்கியமோ, அதிர்வெண்ணும் அவ்வளவு முக்கியம். மாடி குறைந்த சாதாரண வீடு ஒன்று முழுதாக ஆடும் இயல்பான அதிர்வெண் சுமார் 4 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை. மண்ணும் அதே கணக்கில் ஆடினால் வீடு சேர்ந்துகொண்டு அதிர்வைப் பெருக்கிக்கொள்ளும். 40, 50 ஹெர்ட்ஸில் வரும் அதிர்வை வீடு அவ்வளவாக ஏற்றுக்கொள்ளாது. ஆகவே அதிர்வெண் இல்லாமல் வெறும் பிபிவி எண்ணை மட்டும் யாராவது சொன்னால், பாதிச் செய்தி வரவில்லை என்று அர்த்தம்.

மூன்று டன் வெடிமருந்தும் ஐம்பது கிலோவும்

"அன்னிக்கு மூணு டன் வெடி வெச்சாங்களாம்" என்று தெருவில் பேச்சு வரும். பேச்சு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுக்கு வரும் அதிர்வைத் தீர்மானிப்பது அந்த மூன்று டன் அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குவாரியின் ஒரு படி சுமார் 10 மீட்டர் உயரம். அதற்குள் 89 மி.மீ. விட்டத்தில் துளை போடுகிறார்கள். துளையின் மேல் இரண்டரை மீட்டரைச் சல்லி போட்டு அடைத்துவிடுவார்கள். வெடியின் சக்தி மேலே பீய்ச்சி வெளியேறாமல் பாறைக்குள் வேலை செய்ய வேண்டும் அல்லவா? மீதி ஏழரை மீட்டருக்கு எமல்ஷன் வெடிமருந்து நிரப்பினால் துளைக்கு 50 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வரும். இப்படி 60 துளை என்றால் மூன்று டன் ஆகிவிட்டது.

ஆனால் 60 துளையும் ஒன்றாக வெடிப்பதில்லை. ஒவ்வொரு துளைக்கும் வெடியைத் தூண்டும் ஒரு டெட்டனேட்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாமதம். துளைக்குத் துளை 25 மில்லி விநாடி இடைவெளி விட்டால் மொத்தமும் முடிய ஒன்றரை விநாடி. காதுக்கு ஒரே நீண்ட உறுமலாகக் கேட்கும், மண்ணுக்கு அது அறுபது தனித்தனி அடி. துறையில் வழங்கும் விதி இது: 8 மில்லி விநாடிக்குள் வெடிப்பவை அனைத்தையும் ஒரே வெடியாகக் கூட்டு, அதற்கு மேல் இடைவெளி இருந்தால் தனியாக எண்ணு. ஒரே தாமதத்தில் வெடிக்கும் அதிகபட்ச எடைதான் அதிர்வைத் தீர்மானிக்கும் எடை.

இதை வைத்து வீட்டில் என்ன அதிர்வு வரும் என்று முன்கூட்டியே மதிப்பிட ஒரு சூத்திரம் உண்டு. தூரத்தை மீட்டரில் எடுத்து, அந்த எடையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். வரும் எண்ணை 1.65 அடுக்குக்கு உயர்த்தி, அதைக் கொண்டு 1143-ஐ வகுத்தால் பிபிவி. இந்த 1143-ம் 1.65-ம் பாறைக்குப் பாறை மாறும்; அந்த இடத்தில் அளந்த பதிவுகள் சேரும் வரைக்கும் தொடக்கத்துக்கு எடுத்துக்கொள்ளும் எண்கள் இவை. 400 மீட்டரில் வீடு, ஒரு தாமதத்துக்கு 50 கிலோ என்றால் விநாடிக்கு 1.5 மி.மீ. வருகிறது. அதே மூன்று டன்னையும் ஒரே அடியாக வெடித்திருந்தால்? 43 மி.மீ. முப்பது மடங்கு. டைமிங் என்ற ஒரு விஷயத்துக்கு இவ்வளவு பலம்.

கணக்குப் பிடிக்காதவர்கள் இரண்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும். தூரம் இரட்டித்தால் அதிர்வு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகும். எடையைப் பாதியாக்கினால் அதிர்வு பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். ஆகவே குவாரியின் முகம் வருடாவருடம் உங்கள் பக்கம் நகர்ந்து வருகிறதா என்று கவனிப்பது, மொத்தம் எத்தனை டன் என்று விசாரிப்பதைவிடப் பலன் தரும்.

கருவியை எங்கே, எப்படி வைக்கிறார்கள்

அதிர்வுமானி ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து இரண்டு வயர் போகும். ஒன்றின் முனையில் ஜியோபோன், மற்றதில் மைக். ஜியோபோனுக்குள் காந்தமும் செப்புக் கம்பிச்சுருளும் இருக்கின்றன. மண் ஆடும்போது ஒன்று ஆட, மற்றது ஆடாமல் நிற்க முயல, கம்பிச்சுருளில் மின்னழுத்தம் உண்டாகும். அந்த அழுத்தம் ஆட்டத்தின் வேகத்துக்கு ஏற்ப இருக்கும். இப்படி மூன்று, மூன்று திசைக்கு: வெடியை நோக்கிய திசை ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று, மேல்கீழாக ஒன்று. ஜியோபோனின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது குவாரியைப் பார்த்திருக்க வேண்டும்.

நல்ல கருவி, மோசமான இடம் என்றால் எண்ணுக்கு மதிப்பில்லை. என் அனுபவத்தில் தவறுகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது, வீட்டுக்காரர் இதைக் கண்ணாலேயே பார்த்துப் பிடிக்க முடியும். கருவி வீட்டுக்கு வெளியே, குவாரிப் பக்கம், சுவரிலிருந்து சுமார் 3 மீட்டருக்குள் இருப்பது வழக்கம். கார் நிறுத்தும் சிமெண்ட் தளத்தில், நடைபாதைக் கல்லில் வைக்கக் கூடாது. அவற்றுக்கும் கீழே உள்ள மண்ணுக்கும் இடையே தொடர்பு சரியாக இல்லாமல் போகலாம். அண்மையில் கொட்டிய மண்ணிலும், பூச்செடிக்குக் கொத்திவிட்ட பாத்தியிலும் கூடாது. கெட்டியான தரையில், முளைகளை அழுத்திக் குத்தி, முடிந்தால் குழி தோண்டிப் புதைத்து, மண்ணை மேலே மிதித்து இறுக்க வேண்டும். குழி ஆழம் ஜியோபோன் உயரத்தைப்போல் மூன்று மடங்காவது வேண்டும் என்பது நடைமுறை. அதிர்வு குறைவாகவே எதிர்பார்க்கப்படும் இடத்தில் மேலே ஒரு மணல் பை போட்டும் வைப்பார்கள். பை தளர்வாக நிரம்பியிருக்க வேண்டும், அப்போதுதான் நான்கு பக்கமும் படிந்து ஜியோபோனை அழுத்திப் பிடிக்கும். விறைப்பாக நிரப்பிய பையை மேலே நிறுத்தினால் அது தனியாக ஆடித் தன் கணக்கைச் சேர்த்துவிடும்.

ஒருமுறை மழைக்குப் பின் ஒரு வீட்டில் கறிவேப்பிலை மரத்தடியில் வைத்த ஜியோபோனைப் போய்ப் பார்த்தால், ஒரு பக்கம் சரிந்து நின்றது. வீட்டு நாய் ஈர மண்ணைத் தோண்டி விளையாடியிருக்கிறது. அந்தப் பதிவை அப்படியே எடுத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது, போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கருவி எப்போதும் எழுதிக்கொண்டிருக்காது. ஒரு தொடக்க அளவு வைப்பார்கள், உதாரணமாக விநாடிக்கு 0.5 மி.மீ. மண் அதைத் தாண்டினால்தான் பதிவு தொடங்கும். தாண்டாவிட்டால் 'பதிவில்லை' என்று அறிக்கை வரும். அதை 'அதிர்வே இல்லை' என்று படிக்கக் கூடாது. அந்த அளவுக்குக் கீழே இருந்தது என்று மட்டும் படிக்க வேண்டும். கூடவே ஒரு கேள்வியும் உண்டு: அந்த நேரத்தில் கருவி ஓடிக்கொண்டிருந்ததா? பாட்டரி செத்த கருவியும் 'பதிவில்லை' என்றுதான் காட்டும். நல்ல அறிக்கையில் அன்றைய சுயசோதனைப் பதிவும், கருவி கடைசியாக எப்போது தரம் பார்க்கப்பட்டது என்ற தேதியும் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை தரம் பார்ப்பது வழக்கம்.

சீட்டைப் படிப்பது

கையில் ஒரு பதிவுச் சீட்டு வந்ததாக வைத்துக்கொள்வோம். குறுக்கே 1.4, மேல்கீழ் 1.9, வெடித் திசை 2.3. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதிர்வெண்: 18, 34, 11. அடியில் வெக்டர் கூட்டு 2.6, மைக் 118 டெசிபல்.

மூன்று எண்ணையும் கூட்டி 5.6 என்று சொல்லக் கூடாது. மூன்று திசையின் உச்சமும் ஒரே கணத்தில் வருவதில்லை. ஒவ்வொரு கணத்திலும் மூன்றையும் வடிவியல் முறையில் சேர்த்துப் பார்த்து, அதில் பெரியதை எடுத்தால் வருவதே வெக்டர் கூட்டு. இந்தச் சீட்டில் அது எப்படியும் 3.3-க்கு மேல் போக முடியாது. பெரும்பாலான வரம்புகள் தனித் திசையின் பெரிய எண்ணுக்குச் சொன்னவை, ஆகவே ஒப்பிட வேண்டியது 2.3-ஐ, அதன் 11 ஹெர்ட்ஸோடு சேர்த்து.

அடுத்து அலை வரைபடத்தைப் பார்க்க வேண்டும். உண்மையான வெடி ஒன்றிரண்டு விநாடிக்கு நீண்டு, ஏறி, மெல்லத் தணியும். குழந்தை பெட்டியைத் தட்டியதோ பக்கத்தில் யாராவது எதையாவது போட்டதோ என்றால் ஒரே ஒரு கூரான முள்போல வந்து உடனே மறையும், அதிர்வெண்ணும் மிக உயரமாக இருக்கும். சீட்டில் உள்ள நேரம் வெடிக்கான சைரன் நேரத்தோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். கருவியின் கடிகாரம் தப்பாக இருந்து, லாரி போன அதிர்வை வெடியென்று ஃபைலில் வைத்துவிட்ட கதையும் இருக்கிறது.

அந்த 118 டெசிபல் என்ன? அது மண்ணின் கதை அல்ல, காற்றின் கதை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் 'வீடு ஆடியது' என்ற புகார்களில் கணிசமானவை காற்றால் வருபவை. வெடி காற்றில் ஓர் அழுத்த அலையைக் கிளப்பும். அதில் பெரும்பகுதி காதுக்குக் கேட்காத அளவு தாழ்ந்த அதிர்வெண். காதுக்குக் கேட்காவிட்டாலும் ஜன்னல் கண்ணாடிக்கு அது தெரியும். கதவு தடதடக்கும், கூரைத் தகடு உறுமும், அலமாரிப் பாத்திரம் ஆடும். 118 டெசிபல் என்றால் சுமார் 16 பாஸ்கல் அழுத்தம். கண்ணாடிக்குப் பாதுகாப்பான வரம்பென்று வழக்கமாகச் சொல்லும் 134 டெசிபல் என்றால் 100 பாஸ்கல்.

இரண்டையும் நீங்களே பிரித்துப் பார்க்கலாம். மண் அலை 800 மீட்டரை அரை விநாடிக்குள் கடந்துவிடும். காற்று அலைக்கு இரண்டு விநாடிக்கு மேல் ஆகும். காலடியில் முதலில் ஒரு குலுக்கல், பிறகு தனியாக ஜன்னல் தடதடப்பு என்று வந்தால் பின்னது காற்று. 300 மீட்டரில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும், உடம்புக்குப் பிரிக்க வராது. அப்போது சீட்டில் மைக் கோடு எங்கே எழும்புகிறது என்று பார்த்தால் போதும்.

காற்று அலை வானிலைக்கு ஏற்ப மாறும். குளிர்காலக் காலையில் டர்பனில் தரையையொட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்றும் படிந்திருக்கும். மேலே போக வேண்டிய அலை வளைந்து திரும்பிக் கீழே வந்து விழும். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே அளவு வெடிதான், இன்றைக்கு மட்டும் தெருவே அலறுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். அதனால்தான் வெயில் ஏறி அந்தப் படலம் கலைந்த பிறகு, மதியத்தை ஒட்டி வெடிக்க வேண்டும் என்கிறார்கள்.

எது வரைக்கும் பரவாயில்லை?

தென்னாப்பிரிக்கச் சுரங்கச் சட்டம் வீட்டுக்கு இத்தனை மி.மீ. என்று எண் எதையும் எழுதவில்லை. ஆகவே வெளிநாட்டு அளவுகளைக் கடன் வாங்குகிறார்கள். அதிகம் எடுப்பது அமெரிக்கச் சுரங்கத் துறை 1980-இல் வெளியிட்ட ஆய்வின் வரம்பு: 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே, பழைய பூச்சுச் சுவருக்கு விநாடிக்கு சுமார் 12.7 மி.மீ., புதிய ஜிப்சம் அட்டைச் சுவருக்கு 19 மி.மீ.; 40-க்கு மேலே 50 மி.மீ. இன்னொன்று ஜெர்மனியின் டின் 4150 என்ற தர நிர்ணயம், மூன்றாம் பாகம். அது கடுமையானது. அஸ்திவாரத்தில் அளந்து, குடியிருப்புக்கு 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே 5 மி.மீ., 50 ஹெர்ட்ஸில் 15, 100-இல் 20. எளிதில் கெடும் கட்டடங்களுக்கும் மரபுக் கட்டடங்களுக்கும் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 மி.மீ. மட்டுமே.

நம் சீட்டில் உள்ள 2.3, 11 ஹெர்ட்ஸ், ஜெர்மன் வரம்பான 5.25-க்கும் பாதிக்குக் கீழே. இரண்டு அளவுப்படியும் தேர்ச்சி.

அமெரிக்க ஆய்வு நடந்தது பெரும்பாலும் மரச்சட்ட வீடுகளில். நம்முடையவை கான்கிரீட் பிளாக்கும் சிமெண்ட் பூச்சும். அரைநூற்றாண்டுக்கு முன் நகராட்சி அவசரமாகக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குக் குவாரிக்காரர் 12.7-ஐக் காட்டினால், நான் ஜெர்மன் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். கோயில் என்றால் இன்னும் கவனம். கோபுரத்தில் உள்ள சுதைச் சிலைகளின் கை விரல், கிரீடம், ஆயுதம் எல்லாம் மெல்லிய கம்பிமேல் நிற்கும் பூச்சுதான். கம்பி துருப்பிடித்து உள்ளே உப்பியிருந்தால் வெளியே தெரியாது. அங்கே 3 மி.மீ. அளவைக் கேட்பதில் தப்பே இல்லை. 60 வருடத்துக்கு மேற்பட்ட கட்டடம் என்றால் 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டத்தின் கண்ணிலும் அது தனி வகை.

500 மீட்டர் என்ற எண்ணையும் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அது 1996-ஆம் ஆண்டின் சுரங்கச் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளில் வருகிறது. பொதுக் கட்டடம், பொதுச் சாலை, ரயில் பாதை, மின்கம்பி, மக்கள் கூடும் இடம், காக்க வேண்டிய பிற கட்டடங்கள் இவற்றுக்கு 500 மீட்டருக்குள் வெடி கூடாது. ஆனால் அபாய மதிப்பீடு செய்து, அதைவிடக் குறைந்த தூரம் பாதுகாப்பானது என்று காட்டி, அந்தப் பகுதியின் முதன்மைச் சுரங்க ஆய்வாளரின் எழுத்து அனுமதி பெற்றால், அவர் போடும் நிபந்தனைகளோடு வெடிக்கலாம். ஆகவே '500 மீட்டருக்குள் வெடித்தாலே சட்டவிரோதம்' என்பது சரியல்ல. அனுமதியும் நிபந்தனையும் எங்கே என்று கேட்பது சரி.

விரிசலுக்கு வருவோம்

உடம்பு மிகவும் கூர்மையான கருவி. விநாடிக்கு 1 மி.மீ.-க்குக் கீழேயே நமக்கு அதிர்வு தெரிந்துவிடும், 3 மி.மீ. என்றால் பயமாகவே இருக்கும். சுவருக்கு அந்தக் கூர்மை இல்லை. அமெரிக்கச் சோதனை வீடு ஒன்றில் அளந்து பார்த்தபோது, கதவைப் படாரென்று சாத்துவதால் அந்தச் சுவரில் உண்டாகும் திரிபு (சுவர் இழுபடும் அளவு) விநாடிக்கு சுமார் 12 மி.மீ. வெடி அதிர்வுக்குச் சமமாக இருந்தது. ஆணி அடிப்பது 22 மி.மீ.-க்குச் சமம். பகல் வெயிலும் இரவுக் குளிரும் ஈரப்பதமும் சுவரை இழுத்துத் தள்ளுவது அதற்கும் மேலே.

இதைச் சொன்னால் கோபம் வரும், வருவது நியாயம். ஆணி அடிக்கும்போது நாம் தயாராக இருக்கிறோம். வெடி நம்மைக் கேட்டு வருவதில்லை. அதோடு, வெடி வெடித்த பிறகுதான் நாம் சுவரை உற்றுப் பார்க்கிறோம். ஏற்கெனவே இருந்த பத்து விரிசலும் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணில் படும்.

டர்பனில் மண்ணுக்கும் தன் குணம் உண்டு. பெரியா (Berea) என்று பெயர்பெற்ற செம்மணல் சில இடங்களில் நனைந்தால் திடீரென்று அமுங்கும். சிதைந்த ஷேல் பாறையிலிருந்து வரும் களிமண் மழையில் உப்பும், வறட்சியில் சுருங்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சரிவுகளில் உள்ள எத்தனையோ வீடுகளின் அஸ்திவாரம் நகர்ந்தது. பிளாக் மூட்டுகளில் படிக்கட்டுப்போல ஏறும் விரிசல் பெரும்பாலும் அஸ்திவாரம் இறங்கியதைக் காட்டும். பூச்சில் வலைபோலப் பரவும் மெல்லிய கோடுகள் காய்ந்து சுருங்கியதால் வருபவை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் விரிசல் எதனாலும் வரலாம். வடிவத்தை மட்டும் பார்த்து 'இது வெடி', 'இது மண்' என்று அடித்துச் சொல்பவரை, அவர் யாருடைய சம்பளத்தில் இருந்தாலும், நான் நம்பமாட்டேன்.

அதற்காக வெடிக்கு விரிசலில் பங்கே இருக்காது என்றும் சொல்ல முடியாது. வரம்பைத் தாண்டிய ஒரு வெடி, அதுவும் தாழ்ந்த அதிர்வெண்ணில் வந்தால், ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் பூச்சைக் கீறிவிடும். அதை நிரூபிக்க ஒரே வழி, முந்தைய நிலையின் பதிவு. வெடி தொடங்குவதற்கு முன் அறை அறையாகப் படம் எடுத்து வைக்கும் ஆய்வைக் குவாரி தன் செலவில் செய்து தருவது நல்ல நடைமுறை. வந்தால் உள்ளே விடுங்கள். 'நம் வீட்டைக் குறை சொல்லத்தான் வருகிறார்கள்' என்று கதவைச் சாத்தியவர்கள் பிறகு வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்திட்ட பிரதி ஒன்றை நீங்களும் வாங்கி வையுங்கள்.

அந்த ஆய்வு நடக்கவில்லையா? கைபேசி போதும். விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் சின்னக் குறுக்குக்கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நீண்டால் கோட்டைத் தாண்டும். அகலத்தைக் கவனிக்க, விரிசலின் இரு பக்கமும் ஒட்டும் பிளாஸ்டிக் அளவி கிடைக்கிறது. கட்டிட இஞ்சினியர்கள் வைத்திருப்பார்கள். வெடி நாளில் மட்டும் பார்க்காமல், மழைக்குப் பிறகும் வறண்ட மாதத்திலும் ஒருமுறை எழுதி வையுங்கள். வெடி இல்லாத வாரங்களிலும் விரிசல் நகர்ந்தால் அது ஒரு செய்தி. வெடி நாட்களில் மட்டும் தாவினால் அது வேறு செய்தி, குவாரிக்காரரால் எளிதில் தள்ளிவிட முடியாதது.

பதிவுகளைக் கேட்பதற்கு முதலில் குவாரி மேலாளருக்கு ஓர் எளிய கடிதம் போதும். வெடிக்கு முன்தினம் செய்தி அனுப்பும் பட்டியலில் உங்கள் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். நிறைய இடங்களில் கேட்டால் தருகிறார்கள். தராவிட்டால் 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டம் தனியார் நிறுவனத்துக்கும் பொருந்தும், உங்கள் உரிமை ஒன்றைக் காக்க அந்தத் தகவல் தேவை என்று காட்டினால். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். அப்புறமும் நகராவிட்டால் சுரங்கத் துறையின் மாகாண ஆய்வாளர் அலுவலகம் இருக்கிறது.

கடிதத்தில் 'அதிர்வு அறிக்கை' என்று மட்டும் எழுதினால் ஒற்றை வரியில் ஒரு எண் வரும், கூடவே 'வரம்புக்குள்' என்ற சொல்லும் வரும். அதனால் தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, அந்த வெடியின் முழு அலை வரைபடம், மூன்று திசையின் அதிர்வெண், மைக் பதிவு, கருவி நின்ற இடத்தின் வரைபடக் குறி, வெடித்த இடத்திலிருந்து அதற்குள்ள தூரம், ஒரு தாமதத்துக்கு வைத்த அதிகபட்ச எடை, கருவியின் தரச் சான்று என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தூரமும் எடையும் கிடைத்துவிட்டால் மேலே சொன்ன சூத்திரத்தைப் போட்டு நீங்களே ஒத்துப் பார்க்கலாம். கணக்குச் சொல்வதைப்போல் நான்கைந்து மடங்கு அதிகமாகவோ குறைவாகவோ பதிவு இருந்தால், அடுத்த வெடிக்குக் கருவியை உங்கள் கண்ணெதிரே வைக்கச் சொல்லுங்கள்.